முதலாளி இல்லாத அணி: கிரீன் பே பேக்கர்ஸ் வரலாற்றின் திருப்புமுனைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் இன்று 32 அணிகள் ஆடுகின்றன. அவற்றுள் 31 அணிகளுக்குத் தனியார் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவை பெருஞ்செல்வக் குடும்பங்களின் கையில் இருப்பவை, நியூயார்க், சிகாகோ, டல்லாஸ், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாநகரங்களின் மக்கள்தொகையையும் வணிகத்தையும் நம்பி நடப்பவை. எஞ்சிய ஒன்றுதான் கிரீன் பே பேக்கர்ஸ். விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் ஒரு விரிகுடா முனையில், ஏறத்தாழ 1,07,000 பேர் மட்டுமே வாழும் ஊர் கிரீன் பே. இந்த அணிக்கு முதலாளி என்று எவரும் இல்லை. பங்குதாரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஈவுத்தொகை கிடையாது. ஆயினும் லீக் சாம்பியன் பட்டத்தை 13 முறை வென்ற அணி இது ஒன்றே. அந்த எண்ணிக்கையை வேறெந்த அணியும் எட்டவில்லை.

இந்த அணியின் வரலாறு பெரும்பாலும் கோப்பைகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. கோப்பைகள் முக்கியமானவையே, ஆனால் அவற்றை மட்டும் அடுக்கினால், பேக்கர்ஸ் ஏன் இன்னும் கிரீன் பேயில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. அந்த விடை பெரும்பாலும் ஆட்டமே நடக்காத நாட்களில் இருக்கிறது: பங்கு விற்பனைகளில், நீதிமன்ற ஆணைகளில், பொதுவாக்கெடுப்புகளில், நிர்வாகக் குழுவின் கூட்டங்களில். 1923 முதல் இன்றுவரை அத்தகைய நாட்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இரண்டு இழைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஊர் மக்களின் உடைமையாக இருந்ததால் அணி ஊரைவிட்டுப் போகவில்லை. அதே கூட்டுடைமை, விளையாட்டு முடிவுகளைக் குழுவே எடுக்க முற்பட்ட காலங்களில், அணியைத் தோல்விக்கும் இட்டுச் சென்றது. இந்த ஆய்வு அவ்விரு இழைகளையும் பின்தொடர்கிறது.

ஆட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு தேவை. அமெரிக்கக் கால்பந்து நாம் பொதுவாகக் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. இருமுனை கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் அது டச் டவுன், ஆறு புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் பெற்று ஆட்டத்தை இயக்குபவர் குவாட்டர்பேக். இவ்வளவு தெரிந்தால் இந்த ஆய்வுக்குப் போதும்.

ஐந்நூறு டாலர் சீருடையும் ஐந்து டாலர் பங்கும்

1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கிரீன் பே பிரஸ் கெஸட் நாளிதழின் அலுவலகத்தில் கூடிய இளைஞர்கள் இந்த அணியைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்கள் இருவர்: நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆடிவிட்டு ஊர் திரும்பியிருந்த ஏர்ல் ‘கர்லி’ லாம்போ, அந்த நாளிதழின் விளையாட்டுப் பகுதி ஆசிரியரான ஜார்ஜ் விட்னி கால்ஹூன். லாம்போ அப்போது இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற இறைச்சி பதப்படுத்தும் நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். சீருடைக்கும் உபகரணங்களுக்கும் அந்த நிறுவனம் 500 டாலர் கொடுத்தது. அணியின் பெயரும் அதிலிருந்தே வந்தது. வேலி இல்லாத பூங்காத் திடலில் ஆடி, பார்வையாளரிடையே தொப்பியை ஏந்திக் காசு சேர்த்த அந்த முதல் பருவத்தில், ஆடிய 11 ஆட்டங்களில் 10இல் அணி வென்றது.

1921இல் பேக்கர்ஸ், தேசியக் கால்பந்து லீக்கின் முன்னோடியான சங்கத்தில் சேர்ந்தது. சேர்ந்த ஆண்டிலேயே முதல் நெருக்கடி வந்தது. கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்த மாணவர்களை வேறு பெயர்களில் களமிறக்கியது வெளிப்பட்டதால், அணியின் உரிமம் பறிபோனது. 1922ஆம் ஆண்டு ஜூனில் லாம்போ அந்த உரிமத்தைத் தம் பெயரில் மீட்டார். ஆனால் மழையும் குறைந்த வசூலும் அந்தப் பருவத்தைக் கடனில் தள்ளின. தனிமனிதர் ஒருவரின் கைப்பணத்தால் இந்த அணியை நடத்த முடியாது என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

அந்த நிலையில் நாளிதழின் வணிக மேலாளர் ஆண்ட்ரூ டர்ன்புல் ஊர் வணிகர்களைத் திரட்டினார். 1923இல் கிரீன் பே கால்பந்துக் கழகம் லாபநோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டு, தலா 5 டாலர் விலையில் 1,000 பங்குகள் விற்கப்பட்டன. பங்கு வாங்குபவர் குறைந்தது ஆறு பருவச் சீட்டுகளையும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இந்த நிபந்தனையின் நுட்பத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை: ஒருமுறை கிடைக்கும் முதலோடு, ஆண்டுதோறும் அரங்குக்கு வரக்கூடிய ஒரு கூட்டத்தையும் அது உருவாக்கியது. நிறுவன விதிகளில் இன்னொரு பிரிவும் எழுதப்பட்டது. கழகம் கலைக்கப்பட்டால் மிஞ்சும் பணம் பங்குதாரர்களுக்குப் போகாது. முன்னாள் படைவீரர் அமைப்பு ஒன்றின் உள்ளூர்க் கிளைக்கு, வீரர் நினைவகம் அமைப்பதற்காகப் போகும். பிற்காலத்தில் அந்தப் பயனாளியின் இடத்தில் பேக்கர்ஸ் அறக்கட்டளை வைக்கப்பட்டது, கொள்கை மாறவில்லை. அணியை விற்பதாலோ வேறு நகருக்குக் கொண்டுபோவதாலோ எவருக்கும் ஒரு டாலர் ஆதாயமும் இல்லை என்ற நிலையை ஏற்படுத்திய இந்தப் பிரிவுதான், என் மதிப்பீட்டில், இந்த வரலாறு முழுவதிலும் மிகத் தொலைநோக்கான ஒற்றை முடிவு.

இதன் மதிப்பை உணர, உடன் தொடங்கிய ஊர்களைப் பார்க்க வேண்டும். ஆக்ரன், கேன்டன், டேட்டன், ஹாமண்ட், ராக் ஐலண்ட் ஆகிய சிற்றூர் அணிகள் எல்லாம் லீக்கின் தொடக்க காலத்தில் இருந்தவை. அவற்றுள் ஆக்ரனும் கேன்டனும் பட்டமே வென்றவை. 1920களின் இறுதிக்குள் இவை யாவும் லீக்கிலிருந்து மறைந்துவிட்டன. டிகேட்டர் அணி 1921இலேயே சிகாகோவுக்குப் போய், பின்னர் பேர்ஸ் ஆனது. போர்ட்ஸ்மவுத் அணி 1934இல் டெட்ராய்ட்டுக்குப் போனது. 1920இல் ஏறத்தாழ 31,000 பேர் வாழ்ந்த கிரீன் பே மட்டும் தன் அணியைத் தக்கவைத்துக்கொண்டது.

மூன்று பட்டங்களுக்குப் பின் நீதிமன்றம்

1929இல் லாம்போ மூன்று வீரர்களைக் கொண்டுவந்தார்: ஜானி ‘பிளட்’ மெக்நல்லி, கால் ஹப்பர்ட், மைக் மிகால்ஸ்கி. அந்த ஆண்டு 12 வெற்றி, ஒரு சமன், தோல்வியே இல்லை. 1930, 1931 ஆண்டுகளிலும் பட்டம் கிரீன் பேக்கே வந்தது. அக்காலத்தில் இறுதியாட்டம் கிடையாது. பருவ முடிவில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற அணியே சாம்பியன். தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்ற அந்த அணி, நான்கு ஆண்டுகளுக்குள் சட்டப்படி ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும்.

காரணம் ஒரு விபத்து. 1931இல் சிட்டி ஸ்டேடியத்தின் இருக்கை வரிசையிலிருந்து ஒரு பார்வையாளர் கீழே விழுந்து காயமடைந்தார். அவர் வழக்குத் தொடுத்து 5,000 டாலர் இழப்பீடு பெற்றார். கழகத்தின் காப்பீட்டு நிறுவனமோ அதற்குள் நொடித்துப்போயிருந்தது. பெருமந்தக் காலம், வசூல் மெலிந்திருந்தது. 1933இல் நீதிமன்றம் கழகத்தின் நிதிப் பொறுப்பைத் தான் நியமித்த பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டிலிருந்து, வருமானத்துக்காக ஆண்டுதோறும் சில உள்ளூர் ஆட்டங்களை 180 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மில்வாக்கி நகரில் ஆடும் வழக்கமும் தொடங்கியது. அணியை ஊரில் வைத்திருக்க அணியையே ஊருக்கு வெளியே பாதி அனுப்ப வேண்டியிருந்த இந்த ஏற்பாடு 1994 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1935இல் ஊர் வணிகர்கள் மீண்டும் பங்கு விற்று 15,000 டாலர் திரட்டினார்கள். பழைய கழகம் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற பெயரில் புதிய நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டு, நீதிமன்றப் பொறுப்பிலிருந்து வெளிவந்தது. லாம்போ, டர்ன்புல் ஆகியோருடன் மருத்துவர் வெபர் கெல்லி, வணிகர் லீலண்ட் ஜோன்ஸ், வழக்கறிஞர் ஜெரால்ட் கிளிஃபர்ட் ஆகிய ஐவரும் சேர்ந்து பல ஆண்டுகள் பணத்துக்காக ஊர் முழுவதும் அலைந்ததால், அவர்களுக்குப் ‘பசித்த ஐவர்’ என்ற பெயரே வந்தது.

அதே 1935இல் அலபாமாவிலிருந்து டான் ஹட்சன் அணியில் சேர்ந்தார். வீசப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரரின் பணியை நவீன வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 1945இல் ஓய்வுபெற்றபோது பிடித்துப் பெற்ற டச் டவுன்கள் 99. அந்த எண்ணிக்கையை முறியடிக்க லீக்குக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர் ஆடிய காலத்தில் 1936, 1939, 1944 ஆண்டுகளில் பட்டங்கள் வந்தன. லாம்போவின் பெயரில் ஆறு பட்டங்கள் சேர்ந்தன.

நிறுவனரின் வெளியேற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு போட்டி லீக் தோன்றி, வீரர்களின் சம்பளத்தை உயர்த்தியது. அச்சமயம் லாம்போ ஊருக்கு வெளியே ராக்வுட் லாட்ஜ் என்ற மாளிகையைக் கழகப் பணத்தில் வாங்கிப் பயிற்சி முகாமாக்கினார். செலவு ஏறியது, ஆட்டம் சரிந்தது, 1949இல் 12 ஆட்டங்களில் வெற்றி இரண்டு மட்டுமே. அந்த ஆண்டு நன்றி கூறும் நாளன்று அணி தனக்குள்ளேயே இரு பிரிவாகப் பிரிந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடி, கடனை அடைக்க ஏறத்தாழ 50,000 டாலர் திரட்டியது.

நிர்வாகக் குழுவுக்கும் லாம்போவுக்கும் இடையே பிளவு முற்றியது. வெளியிலிருந்து முதலீட்டாளர்களைக் கொண்டுவந்து கழகத்தின் அமைப்பையே மாற்றலாம் என்பது லாம்போவின் எண்ணம். குழு அதற்கு உடன்படவில்லை. 1950 ஜனவரி 24 அன்று ராக்வுட் லாட்ஜ் தீப்பிடித்து எரிந்தது. காப்பீட்டுத் தொகை கழகத்துக்குக் கைகொடுத்தது. ஒரு வாரம் கழிந்து லாம்போ பதவி விலகி, சிகாகோ கார்டினல்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார்.

இந்த முறிவில் யார் பக்கம் நியாயம் என்பதை எளிதில் தீர்ப்பளிக்க முடியாது. அணியைப் படைத்தவரே வெளியேற நேர்ந்தது துயரமானது. எனினும் அன்று அவர் யோசனை நிறைவேறியிருந்தால், முதலீட்டாளர்கள் ஆதாயம் தேடும் நாளில் அணி மில்வாக்கிக்கோ அதற்கும் அப்பாலோ போயிருக்கும் என்றே கருத வேண்டியிருக்கிறது. குழு மறுத்ததோடு நிற்கவில்லை. 1950இல் பங்குகளின் எண்ணிக்கை உச்சவரம்பை 10,000 ஆக உயர்த்தி, ஒருவர் 200 பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியோடு, தலா 25 டாலருக்கு விற்றது. ரைட்ஸ்டவுன் அருகே ஒரு பண்ணையிலிருந்து வந்த பெண் ஒருவர், 25 டாலரையும் கால் டாலர் நாணயங்களாகத் தீப்பெட்டி ஒன்றில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததாகக் கழகத்தின் வரலாறு பதிவு செய்திருக்கிறது. மொத்தம் 1,18,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

1956 ஏப்ரல் 3

பணம் மட்டும் போதவில்லை. சிட்டி ஸ்டேடியம் ஒரு பள்ளியின் பின்புறம் இருந்த, ஏறத்தாழ 25,000 பேர் அமரக்கூடிய மர இருக்கை அரங்கம். வருகை தரும் அணிகளுக்கு அங்கு வருமானம் குறைவு. மில்வாக்கியில் 1953இல் புதிய கவுன்டி ஸ்டேடியம் திறக்கப்பட்டிருந்தது. நல்ல அரங்கம் கட்டாவிட்டால் எல்லா ஆட்டங்களையும் மில்வாக்கிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்ற அழுத்தம் லீக்கிலிருந்து வந்தது.

நகராட்சி 9,60,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டு அரங்கம் கட்டலாமா என்ற கேள்வி 1956 ஏப்ரல் 3 அன்று வாக்காளர்களிடம் வைக்கப்பட்டது. செலவில் ஒரு பெரும்பகுதியை வாடகையாகத் திருப்பிச் செலுத்தக் கழகம் ஒப்புக்கொண்டிருந்தது. வாக்கெடுப்புக்கு முன் நடந்த ஆதரவுக் கூட்டத்தில் பேச வந்தவர் ஜார்ஜ் ஹாலஸ். சிகாகோ பேர்ஸ் அணியின் நிறுவனர், உரிமையாளர். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கிரீன் பே மக்கள் தோற்கடிக்க ஏங்கிய மனிதர். அவர் வந்து ஊர் மக்களிடம் ஆம் என்று வாக்களிக்கக் கேட்டுக்கொண்டார். பழைய போட்டியாளரை இழக்க விரும்பாத வணிகக் கணக்கு அதில் இருந்திருக்கலாம். ஆனால் லீக் என்பது ஒருவரையொருவர் அழிக்கும் களமல்ல, ஒருவரையொருவர் தாங்க வேண்டிய அமைப்பு என்ற புரிதலும் அதில் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே புரிதல் இன்னும் பெரிய வடிவில் வெளிப்படும்.

இரண்டுக்கு ஒன்று என்பதற்கும் மேலான பெரும்பான்மையுடன் கடன்பத்திரம் நிறைவேறியது. 1957 செப்டம்பர் 29 அன்று, துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன் முன்னிலையில் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அன்று பேக்கர்ஸ் தோற்கடித்தது ஹாலஸின் பேர்ஸ் அணியைத்தான், 21–17. லாம்போ 1965இல் காலமானபின் அரங்கத்துக்கு லாம்போ ஃபீல்டு என்று பெயரிடப்பட்டது.

1923, 1935, 1950 பங்கு விற்பனைகளில் கொடுத்தவர்கள் விரும்பிக் கொடுத்தவர்கள். 1956இல் விரும்பாதவரும் வரி வழியே பொறுப்பேற்கும் ஒரு முடிவை ஊர் எடுத்தது. அணி ஊருக்குச் சொந்தம் என்ற பேச்சு அன்றுதான் சட்ட வடிவில் சோதிக்கப்பட்டது; ஆகவே கோப்பைகளைவிட இந்த நாளை நான் உயர்வாக வைக்கிறேன்.

லொம்பார்டி: ஒருவருக்கு முழு அதிகாரம்

அரங்கம் கிடைத்தது, அணி இல்லை. 1950 முதல் 1958 வரை ஒரு பருவத்தில்கூட வெற்றிகள் தோல்விகளை மிஞ்சவில்லை. 1958இல் ஒரே ஒரு வெற்றி, ஒரு சமன், பத்துத் தோல்விகள். கழக வரலாற்றிலேயே மிக மோசமான பருவம். அதற்கான பொறுப்பில் பெரும்பகுதி நிர்வாகக் குழுவைச் சேரும். மளிகை, மருத்துவம், சட்டம் என வெவ்வேறு தொழில் செய்த உள்ளூர்ப் பிரமுகர்கள், ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். வீரர் தேர்வு வரை தலையிட்டார்கள். தனி முதலாளியின் தன்னிச்சை இல்லாத அமைப்பில், பலரின் தலையீடு அதே அளவு கேடு விளைவித்தது.

வியப்பு என்னவென்றால், அந்தத் தோற்ற அணிக்குள் வருங்காலச் சாம்பியன்கள் ஏற்கெனவே இருந்தார்கள். வீரர்களைத் தேடிக் கண்டறியும் பொறுப்பிலிருந்த ஜாக் வைனிசி என்ற இளைஞர், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வு வழியே, 1956இல் ஃபாரஸ்ட் கிரெக், பார்ட் ஸ்டார் ஆகியோரையும், 1957இல் பால் ஹார்னங்கையும், 1958 தேர்வில் மட்டும் ஜிம் டெய்லர், ரே நிட்ஷ்கி, ஜெர்ரி கிரேமர் ஆகிய மூவரையும் கழகத்துக்குப் பெற்றுத் தந்திருந்தார். ஸ்டார் 200ஆவது இடத்தில் தேர்வானவர். வைனிசி 1960 நவம்பரில், 33ஆம் வயதில் இறந்தார். தாம் சேர்த்த அணி ஒரு பட்டம் வெல்வதைக்கூட அவர் பார்க்கவில்லை. பேக்கர்ஸின் பொற்காலத்தைப் பேசும்போது இவர் பெயர் விடுபட்டுப்போவது நியாயமல்ல.

1959 தொடக்கத்தில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் துணைப் பயிற்சியாளராக இருந்த வின்ஸ் லொம்பார்டி, பயிற்சியாளர், பொது மேலாளர் ஆகிய இரு பதவிகளிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார். விளையாட்டு முடிவுகள் அனைத்தும் தம்முடையவை என்பதை வந்தவுடனே குழுவுக்குத் தெளிவாக்கினார். தலைவர் டொமினிக் ஒலெய்னிசாக் தலைமையிலான குழுவும் ஒதுங்கி நின்றது. முதல் பருவத்திலேயே ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. 1960 இறுதியாட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் 17–13 எனத் தோல்வி. இறுதிக்கட்ட ஆட்டங்களில் லொம்பார்டி கண்ட ஒரே தோல்வி அதுதான். 1961 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் ஜயண்ட்ஸை 37–0 என வென்றார்கள். 1962, 1965, 1966, 1967 எனப் பட்டங்கள் தொடர்ந்தன. 1967 ஜனவரி 15 அன்று, இரு போட்டி லீக்குகளின் சாம்பியன்கள் மோதிய முதல் சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டியை 35–10 என்றும், அடுத்த ஆண்டு ஓக்லண்டை 33–14 என்றும் வென்றார்கள்.

இவ்விரு சூப்பர் பவுல்களைவிடவும் மக்கள் மனத்தில் நிற்பது 1967 டிசம்பர் 31 அன்று லாம்போ ஃபீல்டில் டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக நடந்த லீக் இறுதியாட்டம். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். புல்தரைக்கு அடியில் பதித்திருந்த மின்வெப்ப அமைப்பு பயன்தராமல், தரை உறைந்து பனிக்கட்டியாயிற்று. நடுவர்களின் உலோக விசில்கள் உதட்டில் ஒட்டின. 17–14 எனப் பின்தங்கிய நிலையில், ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் 68 கெஜம் கடந்து, 16 விநாடிகள் மீதமிருக்கையில் பேக்கர்ஸ் எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜத்துக்குள் வந்தது. ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் வாய்ப்புகள் தீர்ந்திருந்தன. ஓட்ட முயற்சி தடுக்கப்பட்டால் நேரமே முடிந்துவிடும். பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளிகளால் சமன் செய்யும் எளிய வழி இருந்தும், பார்ட் ஸ்டார் பந்தை எவரிடமும் தராமல், கிரேமர் திறந்துவிட்ட இடைவெளியில் தாமே பாய்ந்து கோட்டைக் கடந்தார். முடிவு 21–17. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள் பெற்றுத்தந்த லொம்பார்டி சில வாரங்களில் பயிற்சியாளர் பதவியை விட்டார், 1970இல் காலமானார். சூப்பர் பவுல் கோப்பை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

சம பங்கு

லொம்பார்டியின் இரண்டாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் இடையே, களத்துக்கு வெளியே நடந்த ஒன்று, இந்த வெற்றிகள் அனைத்தையும்விட நீண்ட விளைவைத் தந்தது. அதுவரை ஒவ்வோர் அணியும் தன் ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையைத் தானே விற்றது. மாநகர அணிகளுக்குப் பெருந்தொகை கிடைத்தது. கிரீன் பே போன்ற ஊருக்கு அதில் ஒரு சிறு பகுதியே கிடைத்தது. லீக்கின் இளம் ஆணையர் பீட் ரோசல், எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாக விற்று, வருமானத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றார். அதிகம் இழக்கக்கூடிய நியூயார்க்கின் மாரா குடும்பமும் சிகாகோவின் ஹாலஸும் அதை ஏற்றார்கள். ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைத் தடுத்தபோது, நாடாளுமன்றம் 1961 செப்டம்பரில் தனிச் சட்டமே இயற்றியது; அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். 1962இல் சி.பி.எஸ். நிறுவனம் ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 14 அணிகளுக்கும் சம பங்கு. அணிக்கு ஏறத்தாழ 3,32,000 டாலர்.

1950இல் ஊரெல்லாம் அலைந்து திரட்டிய தொகையின் ஏறக்குறைய மூன்று மடங்கு இது. ஒவ்வோர் ஆண்டும் வருவது. பங்குதாரர்களின் தியாகமே பேக்கர்ஸைக் காத்தது என்று ரசிகர்கள் பெருமையுடன் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டுமானால், கூட்டுடைமை அணியை ஊரில் கட்டிவைத்தது. சம பங்கு முறைதான் அதற்குச் சோறு போட்டது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் இந்த ஆய்வுக்கு இன்று பொருள் இருந்திருக்காது. மற்ற நாடுகளில் ரசிகர் உடைமைக் கழகங்களுக்கு பேக்கர்ஸை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விடுவது பெருங்குறை.

இருபத்துநான்கு ஆண்டுகள்

1968 முதல் 1991 வரையிலான 24 பருவங்களில் வெற்றிகள் மிஞ்சியவை ஐந்து மட்டுமே. இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது 1972, 1982 ஆகிய இரு முறை. இக்காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகமில்லை. 1974இல் பயிற்சியாளர் டான் டிவைன், 34 வயதான குவாட்டர்பேக் ஜான் ஹேடல் ஒருவருக்காக ஐந்து வருங்காலத் தேர்வு வாய்ப்புகளை லாஸ் ஏஞ்சலஸுக்குத் தாரைவார்த்தது அதன் அடையாளச் சின்னம். அடுத்த பல ஆண்டுகளுக்குப் புதிய வீரர்களைச் சேர்க்கும் வழியே அதனால் அடைபட்டது. அத்தகைய ஒரு பேரத்தைத் தடுத்து நிறுத்தும் விளையாட்டறிவு குழுவில் எவரிடமும் இல்லை என்பதே பாடம். ஆனாலும் அரங்கம் நிறைந்தே இருந்தது. 1960 முதல் பருவச் சீட்டுகள் ஓராண்டுகூட விற்காமல் போனதில்லை.

மாற்றம் 1989இல் பாப் ஹார்லன் கழகத் தலைவரானபோது தொடங்கியது. 1991 நவம்பரில் அவர் ரான் வுல்ஃபைப் பொது மேலாளராக அமர்த்தி, விளையாட்டு முடிவுகள் அனைத்தையும் குழுவின் குறுக்கீடின்றி அவரிடமே விட்டார். லொம்பார்டிக்குக் கிடைத்த அதே அதிகாரம், இம்முறை ஒரு தனிமனிதரின் ஆளுமையால் அல்லாமல் நிர்வாகக் கொள்கையாகவே தரப்பட்டது. வுல்ஃப் மைக் ஹோம்கிரெனைப் பயிற்சியாளராக்கினார். முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பு ஒன்றைக் கொடுத்து, அட்லாண்டாவில் பெஞ்சில் அமர்ந்திருந்த குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வை வாங்கினார்.

1993இல் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை நடைமுறைக்கு வந்தது. சிறிய, குளிர் மிகுந்த, பெரும்பாலும் வெள்ளையர் வாழும் ஊருக்கு எந்தப் பெரிய வீரரும் வரமாட்டார், குறிப்பாகக் கறுப்பின வீரர்கள் வரமாட்டார்கள் என்றே பலரும் கருதினார்கள். அந்த ஏப்ரலில் லீக்கின் மிகச் சிறந்த தற்காப்பு வீரர் ரெஜி வைட், நான்காண்டுகளுக்கு 1.7 கோடி டாலரில் கிரீன் பேயைத் தேர்ந்தெடுத்தார். 1994இல் வந்த சம்பள உச்சவரம்பு, பணபலமுள்ள உரிமையாளர்கள் வீரர்களை மொத்தமாக வாரிச் செல்வதையும் தடுத்தது. 1997 ஜனவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸில், நியூ இங்கிலாந்தை 35–21 என வென்று, 29 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் கிரீன் பே திரும்பியது.

47 விழுக்காடு

வெற்றியின் உச்சத்திலேயே அடுத்த நெருக்கடி கண்ணுக்குத் தெரிந்தது. தொலைக்காட்சிப் பணம் சமமாகப் பிரிக்கப்பட்டாலும், அரங்கின் சொகுசு அறைகள், விளம்பரங்கள் வழி வரும் உள்ளூர் வருமானம் பெரும்பாலும் அந்தந்த அணிக்கே சேர்ந்தது. மற்ற நகரங்கள் புதிய அரங்கங்கள் கட்டத் தொடங்கின. 1997–98இல் தலா 200 டாலருக்கு 1,20,010 பங்குகள் விற்று 2.4 கோடி டாலர் திரட்டியும், தேவைக்கு அது எட்டவில்லை.

29.5 கோடி டாலர் செலவில் லாம்போ ஃபீல்டைப் புதுப்பிக்க, கிரீன் பே அடங்கிய பிரவுன் கவுன்டியில் அரை விழுக்காடு விற்பனை வரி விதிக்கலாமா என்ற வாக்கெடுப்பு 2000 செப்டம்பர் 12 அன்று நடந்தது. ஹார்லன் தாமே ஊர் ஊராகப் போய் மக்களிடம் ஆதரவு கேட்டார். ஆதரவு 53 விழுக்காடு, எதிர்ப்பு 47. சூப்பர் பவுல் வென்று நான்கு ஆண்டுகூட ஆகாத நிலையில், ஏறத்தாழ பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களை அணிப்பற்று இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. விற்பனை வரி ஏழையின் செலவில்தான் அதிகம் கனக்கும். அரங்கத்துக்குள் ஒருநாளும் நுழைய வாய்ப்பில்லாதவரும் அதைச் செலுத்தியாக வேண்டும். 1956இல் இருந்த இரண்டுக்கு ஒன்று பெரும்பான்மை 2000இல் ஆறு விழுக்காட்டு இடைவெளியாகச் சுருங்கியது, சமுதாய உடைமை என்ற பெயரில் பொதுப்பணம் கேட்பதற்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுகிறது. கழகம் அதை உணர்ந்தது என்றே எண்ணுகிறேன். புதுப்பிப்பு 2003இல் முடிந்தது; வரி 2015 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதன்பின் செய்த பெரிய விரிவாக்கத்துக்குக் கழகம் வாக்காளரிடம் போகவில்லை. தெற்கு முனையில் ஏறத்தாழ 7,000 இருக்கைகள் சேர்க்க, 2011–12இல் தலா 250 டாலருக்குப் பங்கு விற்று 6.7 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியது.

களத்தில் இக்காலம் நிலையானது. 2008இல் ஃபார்வ் விலக, 2005இல் 24ஆவது தேர்வாக வந்திருந்த ஏரன் ராட்ஜர்ஸ் பொறுப்பேற்றார். 2011 பிப்ரவரி 6 அன்று பிட்ஸ்பர்க்கை 31–25 என வென்று, நான்காவது சூப்பர் பவுலும் பதின்மூன்றாவது பட்டமும் வந்தன. முப்பது ஆண்டுகளை இரண்டே குவாட்டர்பேக்குகளால் கடந்த அணி லீக்கில் அரிது. வீரர் முடிவுகள் குழுவிடமிருந்து பொது மேலாளரிடம் போனதன் நேரடிப் பலனாகவே அதைப் பார்க்கிறேன்.

இன்றைய நிலை

2021–22இல் நடந்த ஆறாவது பங்கு விற்பனையில் பங்கின் விலை 300 டாலர். அதன் முடிவில் பங்குதாரர் எண்ணிக்கை 5,37,000ஐத் தாண்டியது. அவர்கள் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவிலிருந்து ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு அமைகிறது. அதில் சம்பளம் பெறுபவர் தலைவர் ஒருவரே. தலைவர் 70 வயதில் ஓய்வுபெற வேண்டும் என்ற விதிப்படி, 2025 ஜூலையில் மார்க் மர்ஃபி விலக, எட் பாலிசி அந்த இடத்துக்கு வந்தார். லீக்கின் இன்றைய விதிகள் இத்தகைய உடைமையை அனுமதிப்பதில்லை. அவ்விதிகளுக்கு முன்பே இருந்ததால் பேக்கர்ஸுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே இன்னோர் ஊர் இதைப் பின்பற்ற விரும்பினாலும் வழியில்லை.

கழகம் ஆண்டுதோறும் தன் கணக்கை வெளியிடுகிறது. லீக்கின் பணப்புழக்கத்தைப் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும் ஒரே சாளரம் அது. 2024 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டில் மொத்த வருமானம் ஏறத்தாழ 65.4 கோடி டாலர், அதில் 40.2 கோடி லீக்கிலிருந்து சம பங்காக வந்தது. 2024 ஆகஸ்டில் லீக், தனியார் முதலீட்டு நிதியங்கள் ஓர் அணியில் 10 விழுக்காடு வரை பங்கு வாங்கலாம் என்று அனுமதித்தது. மற்ற அணிகளுக்கு அது அரங்கம் கட்டவும் கடன் அடைக்கவும் புதிய பணவழி. தன் அமைப்பின் காரணமாகப் பேக்கர்ஸால் அந்த வழியில் போக முடியாது. லாம்போ ஃபீல்டுக்கு அடுத்த பெருஞ்செலவு வரும்போது, கழகத்தின் சேமிப்பு நிதி, ஏழாவது பங்கு விற்பனை, மூன்றாவது வாக்கெடுப்பு ஆகிய மூன்றில் ஒன்றையோ பலவற்றையோதான் அது நாட வேண்டியிருக்கும்.